காலத்துக்கு ஒரு காலம் போதாது: வேலூர்த் தெருக்களை வைத்து ஜிஐஎஸ் பழகுவது எப்படி

கொசப்பேட்டையில் இருக்கிற என் அத்தை வீட்டு அடுப்படிச் சுவரில் இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்று தினமும் கிழிக்கிற காலண்டர். ராகுகாலம், எமகண்டம் பார்க்க. இன்னொன்று மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர். பால் வாங்காத நாள், காஸ் சிலிண்டர் மாற்றிய நாள், குழாயில் தண்ணீர் வந்த நாள் எல்லாம் அதில்தான். தண்ணீருக்கு ‘த’ என்று ஓர் எழுத்து, பக்கத்தில் மணி, சில நாள்களில் ‘கலங்கல்’ என்று ஒரு சொல். வருஷம் முடிந்தாலும் அதைத் தூக்கிப் போட மாட்டார். பழைய காலண்டர்கள் அரிசி டிரம்முக்குப் பின்னால் சுருட்டிக் கிடக்கும்.

ஜிஐஎஸ் என்பது புவியியல் தகவல் முறைமை; தரவை வரைபடத்தில் இடத்தோடு சேர்த்து வைக்கிற முறை. அதைப் பழகத் தொடங்குகிறவர்களில் பலர் அந்த முதல் காலண்டர் மாதிரிதான் வேலை செய்கிறோம். புது நிலவரம் வந்ததும் பழையதைக் கிழித்துப் போட்டுவிடுகிறோம். என்னுடைய முதல் வேலூர் வார்டு வரைபடத்தை நான் அப்படித்தான் தொலைத்தேன். புது எல்லை கையில் கிடைத்த உற்சாகத்தில் பழைய கோப்பின் மேலேயே திருத்திச் சேமித்துவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் பழைய புள்ளிவிவரம் ஒன்றை அதில் பொருத்தப் போனால், வார்டு எண்கள் இருந்தன. அந்த எண்கள் முன்பு எந்த இடத்தைக் குறித்தன என்று சொல்ல எதுவும் இல்லை.

நகரத்தின் தரவை இடத்தோடும் காலத்தோடும் சேர்த்து வைப்பது எப்படி என்று இங்கே ஒரு சின்ன வேலையை முன்வைத்துச் சொல்கிறேன். லேப்டாப், இலவசமாகக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ் மென்பொருள், கொஞ்சம் பொறுமை போதும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளமும் அதன் மேல் உட்காரும் போஸ்ட்ஜிஐஎஸ் இணைப்பும் பின்னால் வேண்டியிருக்கும்; இப்போதே பயப்பட வேண்டாம். இன்னொன்று: எக்செல் பேச்சில் ‘காலம்’ என்றால் நெடுவரிசை. நாம் பேசப்போவதே காலத்தைப் பற்றி என்பதால், நெடுவரிசையைப் ‘புலம்’ என்றே எழுதுகிறேன். இல்லாவிட்டால் தலைப்பைப் போலவே எல்லா வாக்கியமும் சிக்கிக்கொள்ளும்.

கேள்வியைச் சுருக்குங்கள்

“வேலூர்க் குடிநீர் பற்றி ஒரு மேப் போடணும்” என்று ஆரம்பித்தால் கரையேற மாட்டீர்கள். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டே காவிரிக் கூட்டுக் குடிநீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிற ஊர் இது; சொல்லத் தொடங்கினால் முடியாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: எங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது? சித்திரை, வைகாசியில் அந்த இடைவெளி நீள்கிறதா?

இதற்குள் மூன்று முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. இடத்தின் அலகு தெரு. காலத்தின் அலகு நாள். அளப்பது, இரண்டு வரவுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. வீடுவீடாகப் போக வேண்டியதில்லை, நிமிடக் கணக்கும் வேண்டாம் என்பது இப்போதே தெரிந்துவிடுகிறது. பத்துப் பதினைந்து தெருக்கள் எடுத்துக்கொண்டால் பழகுவதற்குத் தாராளம்.

பொருள் வேறு, நிலை வேறு, நிகழ்வு வேறு

ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் நிலைத்து நிற்கிற பொருள்கள்: தெரு, வால்வு, மேல்நிலைத் தொட்டி, வார்டு. இரண்டாவதில் அந்தப் பொருள்களின் நிலை: இந்தத் தெரு இந்த வால்வின் கீழ் வருகிறது, இந்த வார்டின் எல்லை இது. நிலை சில மாதமோ பல வருடமோ நீடிக்கும், பிறகு மாறும். மூன்றாவதில் நிகழ்வுகள்: தண்ணீர் வந்தது, குழாய் உடைந்தது, வால்வை மாற்றினார்கள்.

எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் திணிப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. தெருக்களின் கோப்பைத் திறந்து ‘ஜனவரி’, ‘பிப்ரவரி’ என்று மாதத்துக்கு ஒரு புலம் சேர்த்துக்கொண்டே போவார்கள். மார்ச் வரை நன்றாக இருக்கும். அப்புறம் ஒரே நாளில் இரண்டு தடவை தண்ணீர் வரும். அல்லது ஒரு தெரு வேறு வால்வுக்கு மாறும். அதை எந்தப் புலத்தில் எழுதுவது? நிகழ்வுக்குத் தனி அட்டவணை இருந்தால் ஒவ்வொரு வரவும் ஒரு வரிசை, அவ்வளவுதான். ஆயிரம் வரவு வந்தாலும் அட்டவணை கீழ்நோக்கித்தான் வளரும், பக்கவாட்டில் வீங்காது.

இடத்தைப் பதிப்பது

இதில் வேகமாகப் போகலாம். மக்களே சேர்ந்து வரைகிற இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து தெருக்களை க்யூஜிஐஎஸ்ஸுக்குள் இறக்கிக்கொள்ளுங்கள். விட்டுப்போன சந்துகளை நீங்களே வரையுங்கள். நடந்து போய்ச் சரிபார்க்கக் க்யூஃபீல்ட் என்கிற கைபேசிச் செயலி உதவும். கொசப்பேட்டை, சைதாப்பேட்டை போன்ற நெருக்கமான தெருக்களில் கைபேசியின் இடங்காட்டி எதிர்வீட்டுக்குத் தாவும். அங்கே புள்ளியை நம்பாமல் தெருவின் பெயரை நம்புங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இறக்கிய தரவு அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளில் இருக்கும். அப்படியே வைத்து “வால்விலிருந்து 100 தொலைவு” என்று கேட்டால், மென்பொருள் அதை 100 பாகை என்று எடுத்துக்கொண்டு பாதி உலகத்தை வளைத்துவிடும். நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன்; நானே செய்தும் இருக்கிறேன். தூரமும் பரப்பும் மீட்டரில் வேண்டுமானால் யு.டி.எம் (உலகைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து மீட்டரில் அளக்கிற முறை) 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; அதன் குறியீட்டு எண் 32644. தீர்க்கரேகை 78 முதல் 84 வரை அந்த மண்டலம். வேலூர் ஏறக்குறைய 79.13இல் இருப்பதால் பிரச்சினை இல்லை. பெங்களூரு சாலையில் போய்க்கொண்டே இருந்தால் ஓசூர் வருவதற்குள் 43ஆம் மண்டலத்துக்குள் நுழைந்துவிடுவீர்கள். அந்த ஊர்களையும் சேர்க்கிறவர்கள் அதை யோசித்துக்கொள்ள வேண்டும். பழைய சர்வே ஆஃப் இந்தியா தாள்களை மேலே போர்த்துகிறவர்களுக்கு ஒரு சொல்: அவை பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்னும் வேறு அடிப்படையை வைத்து வரைந்தவை. சரிவர மாற்றாவிட்டால் கோட்டை அகழியே இடம் நகர்ந்து நிற்கும்.

கோப்பு வகையாக ஜியோபேக்கேஜைப் பயன்படுத்துங்கள். ஷேப்ஃபைல் பழக்கமானதுதான், ஆனால் நம் வேலைக்கு அதில் இரண்டு ஓட்டை. அதன் தேதிப் புலத்தில் நாள் மட்டுமே நிற்கும், மணி நிற்காது. புலத்தின் பெயருக்கு 10 பைட்தான் இடம். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். ‘வார்டு’ என்று பெயர் வைத்தால் பாதியில் வெட்டுப்படும். ஜியோபேக்கேஜில் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

காலத்தைப் பதிப்பது: இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறோம்

தேதியை எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: 2024-06-05. இது ஐ.எஸ்.ஓ 8601 என்கிற உலக வழக்கு. ‘05/06’ என்று எழுதினால் ஜூன் 5 என்று நீங்கள் நினைப்பீர்கள்; உங்கள் கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். எக்செல் இதைவிட மோசம். ‘5/12’ என்று கதவிலக்கம் அடித்தால் அதைக்கூடத் தேதியாக்கிவிடும். அந்தப் புலத்தை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டு அடியுங்கள்.

அடுத்தது ஐந்தரை மணி நேரம். தரவுத்தளங்கள் பல, நேரத்தை உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கும். நம்முடைய நேரம் அதற்கு 5:30 மணி முன்னால். 12ஆம் தேதி விடியற்காலை 4:30க்குத் தண்ணீர் வந்தால் உலகப் பொது நேரத்தில் அது 11ஆம் தேதி இரவு 11 மணி. வேலூரில் குழாய்த் தண்ணீருக்கு விடியலில் எழுந்திருக்காத வீடு உண்டா? ஆக, நேர மண்டலத்தைக் கவனிக்காமல் நாள்வாரியாக எண்ணினால் இந்த வரவுகள் முதல் நாள் கணக்கில் போய் உட்காரும். போஸ்ட்கிரஸில் ‘நேர மண்டலத்துடன்’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, அமர்வின் (செஷன்) மண்டலத்தை ‘ஆசியா/கோல்கட்டா’ என்று வைத்துவிட்டால் தப்பித்தீர்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நிலை என்பது நீடிப்பது; அதற்கு ஒரே ஒரு தேதிப் புலம் போதாது. ‘முதல்’ ஒன்று, ‘வரை’ ஒன்று என இரண்டு வேண்டும். ஒரு தெரு ஜூன் 1 அன்று வேறு வால்வுக்கு மாறியது என்று வையுங்கள். பழைய வரிசையில் ‘வரை: 2024-06-01’ என்று எழுதி மூடுங்கள். அடியில் புது வரிசை: ‘முதல்: 2024-06-01’, ‘வரை’ காலி. தொடக்க நாள் சேரும், முடிவு நாள் சேராது என்பது விதி. “பழையதை மே 31 என்று முடித்தால் என்ன?” என்று தோன்றும். மே 31 மதியம் 3 மணிக்கு அந்தத் தெரு எந்த வால்வில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். சிலர் 31 நள்ளிரவில் முடிகிறது என்பார்கள், சிலர் 31 தொடங்கும்போதே முடிந்தது என்பார்கள். முடிவு நாள் சேராது என்று வைத்துக்கொண்டால் ஒரு நிலை விட்ட இடத்தில் அடுத்தது தொட்டுக்கொண்டு தொடங்கும். நடுவே ஓட்டை விழாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் செய்யாது. இரண்டு கால நீட்சிகள் ஒன்றுக்கொன்று 13 விதங்களில் அமையலாம் என்று கணினி அறிஞர் ஜேம்ஸ் ஆலன் 1983இல் வகைப்படுத்திக் காட்டினார். நம் அன்றாட வேலைக்கு அவற்றில் ‘தொடுவது’, ‘மேலேறுவது’ என்கிற இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் முக்கால் வாசி தொல்லை தீர்ந்தது.

‘வரை’ காலியாக இருந்தால் இன்னும் நடப்பில் இருக்கிறது என்று பொருள். அங்கே 9999 டிசம்பர் 31 என்று நிரப்புகிற வழக்கமும் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. யாராவது சராசரி எடுக்கும்போது எட்டாயிரம் வருஷம் ஓடுகிற வால்வு ஒன்று வந்து நிற்கும்.

இன்னொரு நேரமும் இருக்கிறது. இதை எனக்குப் புரிய வைத்தவர் அத்தைதான். காலண்டரைப் பார்த்து நான் தாளில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, “அத்தை, இந்தத் தேதி சரிதானா?” என்றேன். “இன்னாடா, தண்ணி வந்த நாளைக் கேக்கறியா, நான் எழுதுன நாளைக் கேக்கறியா?” என்றார். சில ‘த’க்களை இரண்டு நாள் கழித்து ஞாபகத்தில் போட்டிருக்கிறார். நடந்த நேரம் ஒன்று, பதிந்த நேரம் இன்னொன்று. இரண்டையும் தனித்தனிப் புலமாக வையுங்கள். பின்னால் யாராவது “போன மாத அறிக்கையில் வேறு எண் இருந்ததே” என்று கேட்டால், அன்றைக்குக் கையில் இருந்த பதிவுகள் எவை, பிறகு வந்து சேர்ந்தவை எவை என்று பிரித்துக் காட்டலாம்.

மங்கலான நேரத்தை என்ன செய்வது? ஜனங்கள் மணி பார்த்துப் பேசுவதில்லை. “ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் வந்துச்சி”, “காலையில வந்துச்சி” என்பார்கள். முதல் பதிலைப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதியாக்கலாம். இரண்டாவதை 6:00 மணி என்று எழுதிவிடாதீர்கள். இல்லாத துல்லியத்தை நீங்களே உண்டாக்கியதாகும். ‘துல்லியம்’ என்று ஒரு புலம் போட்டு அதில் ‘மணி’, ‘பொழுது’, ‘நாள்’ என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். மணிவாரியாக ஆராயும்போது ‘பொழுது’, ‘நாள்’ வரிசைகளை ஒதுக்கிவிடலாம்.

பெயர் ஒன்று, ஆள் வேறு

பொருளுக்கு ஓர் அடையாள எண் கொடுக்கிறோம். எல்லை மாறினாலும் அதே எண்ணா, புது எண்ணா? இதற்கு நம் மாவட்டத்தைவிட நல்ல பாடம் கிடையாது.

வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது: திருவண்ணாமலை சம்புவராயர், வட ஆற்காடு அம்பேத்கர். 1990களில் அந்த இரண்டாவதுக்கு வேலூர் மாவட்டம் என்று பெயர் வந்தது. 2019இல் அதிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. இதை அட்டவணையில் எழுதிப் பாருங்கள். 1990களில் நடந்தது பெயர் மாற்றம். நிலம் அதேதான், அதனால் எண்ணும் அதே, பெயருக்கு மட்டும் புது வரிசை. 2019இல் பெயர் அப்படியே நின்றது, நிலம் மூன்றாகிவிட்டது. என்னைக் கேட்டால் அதற்குப் புது எண் கொடுக்க வேண்டும்.

கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? ‘வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள்’ என்று 2018க்கும் 2020க்கும் வரைபடம் போடுங்கள். தொழில் அழிந்துபோன மாதிரி எண்ணிக்கை தலைகுப்புற விழும். நடந்தது என்னவென்றால் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர்க் கணக்குக்குப் போய்விட்டன, இராணிப்பேட்டை தனியே போய்விட்டது. தோல் பதனிடும் தொட்டி ஒன்றுகூட இடம் மாறாமலே புள்ளிவிவரம் மாறிவிடும்.

நகரத்துக்குள்ளும் இதே கதை. வேலூர் 2008இல் மாநகராட்சியானது. 2011இல் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கத்து ஊர்கள் எல்லாம் சேர்ந்து 60 வார்டு, 4 மண்டலம் என்று விரிந்தது. அதே 2011இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘வேலூர்’ என்ற பெயருக்கு நேரே இருக்கிற எண் 1.86 லட்சத்தை ஒட்டியது. அது பழைய எல்லைக்குள் இருந்தவர்களுக்கு மட்டும். விரிந்த எல்லைக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே வரும். பழைய மக்கள்தொகையைப் புது எல்லையின் மேல் ஒட்டி ‘ஆளுக்கு இவ்வளவு தண்ணீர்’ என்று வகுத்தால், ஊரே ஆறு மாதிரி ஓடுவதாக விடை வரும்.

ஒன்று உடைந்து பலவாகும்போது ‘தாய்–பிள்ளை’ அட்டவணை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய எண், புதிய எண், மாறிய தேதி, பிரிந்ததா சேர்ந்ததா என்ற குறிப்பு. நான்கே புலம். எழுதும்போது வீண் வேலையாகத் தெரியும். மூன்று வருடம் கழித்து அதுதான் சோறு போடும்.

பழைய வார்டு எண்ணிக்கையைப் புது வார்டுகளுக்குப் பகிர வேண்டி வந்தால், இரண்டு எல்லைகளையும் வெட்டி, பரப்பு விகிதத்தில் பிரிப்பது எளிய வழி. அப்படியே செய்யாதீர்கள். பாலாற்று மணலில் யாரும் குடியிருக்கவில்லை. கோட்டை அகழியிலும் இல்லை. ஆற்றங்கரை வார்டின் எல்லை மணலுக்குள் நீண்டிருந்தால் பாதி ஜனம் ஆற்றில் போய் விழும். ஆறு, ஏரி, மலைப்பாறை, கோட்டை வளாகம் இவற்றை முதலில் கழித்துவிட்டு, மிச்சப் பரப்பில் பிரியுங்கள்.

அட்டவணைகளை அமைத்துக் கட்டுப்பாடு போடுதல்

இப்போது நான்கு அட்டவணை கையில் இருக்கும். ‘தெரு’: எண், பெயர், கோடு. ‘வால்வுப் பகுதி’: எண், பரப்பு, முதல், வரை. ‘தெரு–வால்வு’: எந்தத் தெரு எந்தப் பகுதியில், எப்போது முதல் எப்போது வரை. ‘வரவு’: தெரு எண், வந்த நேரம், நின்ற நேரம், துல்லியம், பதிந்த நேரம், கலங்கலா தெளிவா. சொன்னவரின் பெயர், கதவிலக்கம், கைபேசி எண் எதையும் இதற்குள் எழுதாதீர்கள். யார் வீட்டில் எந்நேரம் ஆள் இருக்கிறார்கள் என்பது வெளியே போகக் கூடாது.

பத்துத் தெருவுக்கு ஜியோபேக்கேஜே போதும். பலர் சேர்ந்து பதியப் போகிறீர்கள் என்றால் போஸ்ட்ஜிஐஎஸ்ஸுக்கு மாறுங்கள். அதற்கு ஒரே ஒரு காரணம் சொல்கிறேன். போஸ்ட்கிரஸில் 2012இல் வந்த 9.2 பதிப்பிலிருந்தே ‘ரேஞ்ச்’ என்ற வகை இருக்கிறது. முதல், வரை இரண்டையும் ஒரே மதிப்பாக அது வைத்துக்கொள்ளும். அதன்மேல் விலக்குக் கட்டுப்பாடு ஒன்றைப் போட்டுவிட்டால், ஒரே தெருவுக்கு ஒரே நாளில் இரண்டு வால்வு என்று யாராவது பதியப் போகும்போது தரவுத்தளமே மறுத்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நீங்கள் பதிந்தாலும் மறுக்கும்.

படத்தை ஓட்டிப் பார்த்தல்

க்யூஜிஐஎஸ்ஸில் 2020இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து வரைபடத்தைக் காலப்படி ஓட்டிக் காட்டும் ‘டெம்போரல் கன்ட்ரோலர்’ உள்ளேயே இருக்கிறது. அடுக்கின் (லேயர்) பண்புகளில் ‘டெம்போரல்’ பக்கத்தைத் திறந்து, காலக் கட்டுப்பாட்டை இயக்கி, ‘தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனிப் புலம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே கருவிப்பட்டையில் கடிகாரப் படத்தை அழுத்தி, ஓட்டத்தின் அடி ஒரு நாள் என்று வைத்து, ஓட விடுங்கள். தெருக்கள் ஒவ்வொன்றாக நீலமாகி அணையும். முதல் தடவை பார்க்கும்போது கொஞ்சம் மயிர்க்கூச்செறியும்.

அதற்கு முன் ஒரு பொறி இருக்கிறது. ‘வரவு’ அட்டவணையில் கோடு கிடையாது, தெரு எண்தான் இருக்கிறது. அடுக்கின் பண்புகளில் இருக்கும் சாதாரண ‘ஜாயின்’ மூலம் தெருவோடு இணைத்தால், தெருவுக்கு ஒரே ஒரு வரவு மட்டும் ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போகும். பிழைச் செய்தியும் வராது. ஒருநாள் முழுக்க நான் இதில் தலையைப் பிய்த்துக்கொண்டேன். செயலாக்கப் பெட்டியில் உள்ள ‘ஜாயின் ஆட்ரிபியூட்ஸ் பை ஃபீல்ட் வேல்யூ’ கருவியில் ‘ஒன்றுக்குப் பல’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது ‘விர்ச்சுவல் லேயர்’ உண்டாக்குங்கள். 12 தெரு, 200 வரவு என்றால் இணைப்புக்குப் பிறகு 200 வரிசை இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

ஓடுகிற படம் கண்ணுக்கு அழகு. ஒப்பிட்டுப் பார்க்க அவ்வளவு உதவாது. மூன்றாம் நாள் பார்த்ததை முப்பதாம் நாள் வரும்போது மறந்துவிடுவோம். 1970 வாக்கில் ஸ்வீடன் நாட்டுப் புவியியலாளர் டார்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ரான்ட், நிலத்தைத் தரையில் விரித்துக் காலத்தை உயரமாக நிமிர்த்தி வைத்து மனிதர்களின் ஒரு நாளை வரைந்து காட்டினார். க்யூஜிஐஎஸ்ஸின் முப்பரிமாணப் பார்வையில் நீங்களும் நாளை உயரமாக வைத்துப் பார்க்கலாம். எனக்கு அதைவிடச் சாதாரணத் தாள்தான் பிடிக்கும்: கிடையாக நாள்கள், நெடுகத் தெருக்கள், தண்ணீர் வந்த கட்டத்தில் ஒரு புள்ளி. தெருக்களை அகர வரிசையில் வைக்காமல், தொட்டியிலிருந்து எவ்வளவு தூரமோ அந்த வரிசையில் வையுங்கள். கடைக்கோடித் தெருக்களின் வரிசையில் புள்ளிகள் அடர்த்தி குறைகிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கூட்டிச் சொல்லும்போது

மூன்று நாளுக்கு ஒருமுறை தவறாமல் தண்ணீர் வருகிற தெரு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு திங்கட்கிழமை தொடங்கி வாரவாரியாக எண்ணினால் 3, 2, 2, 3 என்று வரும். அதைக் கோடாக வரைந்தால் இரண்டாம் வாரம் விநியோகம் குறைந்துவிட்டது, நான்காம் வாரம் சரியாகிவிட்டது என்று செய்திக் குறிப்பே எழுதிவிடுவீர்கள். குழாயில் எந்த மாற்றமும் இல்லை. மூன்றும் ஏழும் ஒன்றோடொன்று வகுபடாததுதான் காரணம். அதனால்தான் முதலிலேயே எண்ணிக்கையை விட்டு இடைவெளியை அளக்கச் சொன்னேன். இடைவெளியாக எடுத்தால் 3, 3, 3 என்று ஒரே நேர்கோடு.

இடத்திலும் இதே வித்தை நடக்கும். வார்டுவாரியாகக் கூட்டினால் ஒரு விடை, அறுகோணக் கட்டங்களாகக் கூட்டினால் இன்னொரு விடை. இரண்டு மூன்று அளவுகளில் கூட்டிப் பார்த்து, எல்லாவற்றிலும் நிற்கிற விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்.

புள்ளிகளுக்கு நடுவே நிரப்புகிற ஆசையும் வரும். அருகில் இருப்பவை ஒன்றோடொன்று அதிகம் ஒத்திருக்கும் என்று வால்டோ டோப்ளர் 1970இல் சொன்னது புவியியலின் முதல் விதி என்றே பேர் வாங்கியிருக்கிறது. வெயிலுக்கு அது பொருந்தும். வேலூரை வெயிலூர் என்று கிண்டல் செய்கிறோமே, அந்த வெயிலை நாலு இடத்தில் அளந்து நடுவே நிரப்பினால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீருக்குப் பொருந்தாது. எதிரெதிர் வீட்டுக்காரர்கள் வேறு வேறு வால்வில் இருப்பார்கள்; இங்கே குடம் நிரம்பி வழியும்போது அங்கே குழாய் காற்று விடும். அங்கே வழவழப்பான வண்ணப் பரப்பு போடுவது ஏமாற்று வேலை. அண்டையைத் தூரத்தால் தீர்மானிக்காமல் குழாய் இணைப்பால் தீர்மானியுங்கள்.

வானத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு

ஓட்டேரி ஏரியின் பரப்பையோ, ரங்காபுரம் பக்கம் வீடுகள் பெருகியதையோ பார்க்க நினைத்தால் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. லேண்ட்சாட் 1972இலிருந்து படம் எடுக்கிறது. 1980களிலிருந்து 30 மீட்டர்த் துல்லியம் உண்டு. சென்டினல்-2 2015இலிருந்து 10 மீட்டர். ஏப்ரல் படத்தையும் டிசம்பர் படத்தையும் ஒப்பிடாதீர்கள். மழைக்குப் பின் முளைத்த பச்சையை வீடுகள் குறைந்ததாக மென்பொருள் படித்துவிடும். அதே மாதத்தை வெவ்வேறு ஆண்டுகளில் ஒப்பிடுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்ட மாதிரியான நாள்களில் மேகம் மறைக்கும். அப்போது மேகத்தை ஊடுருவுகிற சென்டினல்-1 ரேடார் படங்களைத் தேடுங்கள். லேண்ட்சாட், சென்டினல்-2 படங்கள் காலை பத்து, பத்தரை மணி வாக்கில் எடுத்தவை என்பதையும் மறக்க வேண்டாம். ராத்திரி மொட்டை மாடித் தளம் விடுகிற சூட்டை அவை பார்த்ததே இல்லை.

பஸ், ஆட்டோ போல நகர்கிறவற்றின் தடத்தைப் பதிவது தனிக் கலை; அதற்குப் போஸ்ட்கிரஸில் மொபிலிட்டிடிபி என்ற இணைப்பு இருக்கிறது. இந்த வேலையை முடித்த பிறகு அங்கே போகலாம்.

கடைசியாக, பூஜ்யம்

எல்லாம் முடித்து என் முதல் தாளை வரைந்தபோது, வைகாசி தொடக்கத்தில் அத்தையின் தெருவில் ஒன்பது நாள் வெறுமையாக இருந்தது. மற்ற மாதங்களில் மூன்று, நான்கைத் தாண்டாத இடைவெளி. கோடைத் தட்டுப்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து, அந்த இடத்தைச் சிவப்பில் வட்டம் போட்டு அத்தையிடம் காட்டினேன்.

“அது கெங்கையம்மன் சிரசுக்குக் குடியாத்தம் போயிருந்தேன்டா. நான் இல்லாதப்போ தண்ணி வந்துச்சோ இல்லையோ, யாருக்குத் தெரியும்?”

தண்ணீர் வரவில்லை என்பதும் யாரும் பார்க்கவில்லை என்பதும் என் அட்டவணையில் ஒரே வெறுமையாக நின்றிருந்தன. அன்றைக்குத்தான் ஐந்தாவது அட்டவணை சேர்ந்தது. அதன் பெயர் ‘கவனிப்பு’: தெரு எண், முதல், வரை. யாராவது குழாயைக் கவனித்துக்கொண்டிருந்த நாள்கள் மட்டும் அதில் இருக்கும். இரண்டு வரவுகளுக்கு நடுவே கவனிப்பு அறுந்திருந்தால் அந்த இடைவெளியைக் கணக்கில் சேர்ப்பதில்லை; தாளில் அந்தக் கட்டங்களைச் சாம்பல் நிறத்தில் நிரப்புகிறேன். தெருவுக்கு இரண்டு வீட்டில் சொல்லி வைத்தால் சாம்பல் குறையும். அத்தைக்கு எதிர்வீட்டு அக்கா இப்போது தன் காலண்டரிலும் ‘த’ போடுகிறார். அவர் மணி எழுதுவதில்லை; அதனால் அவருடைய வரிசைகளில் துல்லியம் ‘நாள்’.